கொடுப்பவர் ஒரு தேசம், படிப்பவர் ஒரு தேசம்

கடல் கடந்த பிள்ளைகளின் படிப்புக்காகச் செலவிடும் குடும்ப அறக்கட்டளைகளைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

கே: உள்ளூர்ப் பள்ளிக்கூடக் கூரையே ஒழுகும்போது, வேற்று நாட்டுப் பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் வாங்கித் தருவது தேவையா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி)

ப: இந்தக் கேள்வி காரைக்குடியிலிருந்து வரலாமா, ஐயா? பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் ஈட்டிய செல்வம்தானே உங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அஸ்திவாரம்? ஒரு நாட்டில் சேர்ந்த பணம் இன்னொரு நாட்டில் படிப்பாக மாறுவதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? கூரையையும் சரிசெய்வோம், கதைப்புத்தகமும் கொடுப்போம். உலகில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் சுமார் 75 கோடிப் பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள் என்கிறது யுனெஸ்கோ. இவர்களை எல்லைக்கோடு போட்டுப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

கே: குடும்ப அறக்கட்டளை என்பது சட்டப்படி என்ன?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

ப: ஒரு குடும்பம் தன் சொத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, இனி இதைச் சொந்தச் செலவுக்குத் தொடமாட்டோம் என்று எழுதிக் கொடுப்பது. பெரும்பாலும் வீட்டாரே அறங்காவலர்களாக இருப்பார்கள். அரசு வரிச்சலுகை தரும். பதிலுக்குக் கடிவாளமும் போடும். அமெரிக்காவில் 1969-ல் வந்த வரிச்சட்டம், அறக்கட்டளைக்கும் அதை நிறுவிய குடும்பத்துக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் கூடாது என்றது. சொத்து மதிப்பில் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டே தீரவேண்டும் என்பது அங்கே இப்போதுள்ள விதி. கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விட்டுக்கொடுத்த வரி ஊர்ப்பணம். அதனால் கேள்வி கேட்கும் உரிமையும் ஊருக்கு உண்டு.

கே: அமெரிக்கப் பாடகி ஒருவர் குழந்தைகளுக்கு மாதாமாதம் புத்தகம் அனுப்புகிறாராமே?
(இல்லத்தரசி, கோயம்புத்தூர்)

ப: டாலி பார்ட்டன். டென்னசி மலைப்பகுதியில் பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த ஏழைக் குடும்பம். அப்பா கெட்டிக்காரர், ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்த அப்பாவை நினைத்து 1995-ல் சொந்த ஊரான செவியர் கவுன்டியில் மகள் தொடங்கிய திட்டம் இது. பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை மாதம் ஒரு புத்தகம், குழந்தையின் பெயருக்கே தபாலில் வரும். ஏழை வீடா, பணக்கார வீடா என்று பார்ப்பதில்லை. அதனால் வாங்கிக்கொள்ள யாரும் கூசுவதும் இல்லை. 2006-ல் கனடா, 2007-ல் இங்கிலாந்தின் ராதர்ஹாம், பிறகு ஆஸ்திரேலியா, அயர்லாந்து என்று பரவியது. 2018-ல் 10 கோடிப் புத்தகங்களை எட்டியது. இன்று அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. புத்தகத் தேர்வையும் நிர்வாகத்தையும் டாலியின் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். புத்தகச் செலவையும் தபால் செலவையும் அந்தந்த ஊர் அமைப்பு திரட்ட வேண்டும். கடல் தாண்டியும் திட்டம் நிலைத்ததற்குக் காரணம் இந்தப் பங்கீடுதான்.

கே: ஐ.டி. வேலையில் இருக்கிறேன். வேலையை விட்டால்தான் இப்படி உதவ முடியுமா?
(மென்பொருள் ஊழியர், சென்னை)

ப: ஜான் வுட் விட்டார். மைக்ரோசாஃப்ட்டில் பெரிய பொறுப்பில் இருந்தவர். 1998-ல் நேபாளத்துக்கு மலைப்பயணம் போனபோது ஒரு பள்ளி நூலகத்தைப் பார்த்தார். இருந்தவை மிகச் சில புத்தகங்கள். அவையும் பிள்ளைகள் கிழித்துவிடுவார்களே என்று பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. நண்பர்களுக்கு மின்னஞ்சல் எழுதினார். புத்தகங்கள் அவருடைய பெற்றோர் வீட்டில் வந்து குவிந்தன. அடுத்த ஆண்டு அப்பாவையும் அழைத்துக்கொண்டு அதே மலைக்குப் போய்க் கொடுத்தார். 2000-ல் அது ‘ரூம் டு ரீட்’ என்ற அமைப்பாயிற்று. ஆனால் நேபாளத்தில் ஊர் ஊராக நடந்து அதைக் கட்டியெழுப்பியவர் தினேஷ் ஷ்ரேஸ்தா என்ற நேபாளி. தம்பி, நீங்கள் வேலையிலேயே இருங்கள். ஒரு தினேஷ் ஷ்ரேஸ்தாவுக்கு மாதச் சம்பளம் தவறாமல் கிடைக்கச் செய்யுங்கள். அதுவும் அதே அளவு பெரிய உதவி.

கே: புத்தகம் கையில் கிடைத்துவிட்டால் பிள்ளைகள் தானாகப் படித்துவிடுவார்கள், இல்லையா?
(அச்சக ஊழியர், சிவகாசி)

ப: மாட்டார்கள். மேற்குக் கென்யாவில் 1990-களில் ஒரு தொண்டு நிறுவனம் கிராமப் பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல்கள் தந்தது. பின்னாளில், 2019-ல், பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் கிரமர் உள்ளிட்டவர்கள் அதன் பலனை அளந்தார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. முன்பே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் இன்னும் முன்னேறினார்கள். காரணம், பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் சுவாஹிலி, அதற்கும் அடுத்ததாக ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்கு அது மூன்றாவது மொழி. புத்தகத்தைத் திறந்தும் உள்ளே நுழைய முடியாத பிள்ளை, குறை தன்னிடம் என்றே நினைத்துக்கொள்ளும். அந்த எண்ணத்தை விதைக்கவா நாம் பணம் கொடுக்கிறோம்?

கே: அப்படியானால் எந்த மொழியில் கொடுப்பது?
(தமிழாசிரியை, தஞ்சாவூர்)

ப: பிள்ளை எந்த மொழியில் சண்டை போடுகிறதோ, அந்த மொழியில். எத்தியோப்பியாவிலிருந்து அகதியாக அமெரிக்கா போன யோஹன்னஸ் கெப்ரெகியோர்கிஸ், சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவு நூலகரானார். அங்கே எத்தனையோ மொழிகளில் குழந்தைப் புத்தகங்கள் இருந்தன. அவர் தாய்மொழியான அம்ஹாரிக்கில் ஒன்றுகூட இல்லை. எத்தியோப்பியாவில் வளர்ந்த அமெரிக்க எழுத்தாளர் ஜேன் கர்ட்ஸுடன் சேர்ந்து ‘எத்தியோப்பியா ரீட்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். அம்ஹாரிக்கும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் ‘சில்லி மம்மோ’ என்ற கதைப்புத்தகத்தைத் தாமே எழுதினார். பிறகு தாயகம் திரும்பி, 2003-ல் அடிஸ் அபாபாவில் குழந்தைகள் நூலகம் திறந்தார். அவாசா நகரில் கழுதை வண்டியில் புத்தகங்கள் தெருத்தெருவாகப் போயின. அயல்நாட்டுக் குடும்பங்கள் தரும் பணம் உள்ளூர் எழுத்தாளருக்கும் உள்ளூர் ஓவியருக்கும் போய்ச்சேர்ந்தால், புத்தகத்தோடு பதிப்புத்தொழிலும் அந்த நாட்டில் வேர்பிடிக்கும்.

கே: வீட்டில் பழைய புத்தகங்கள் நிறைய உள்ளன. கன்டெய்னரில் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பலாமா?
(வாசகர், பெங்களூரு)

ப: உங்கள் பேத்திக்குக் கொடுப்பீர்களா? கொடுப்பீர்கள் என்றால், அங்கே கேட்கிறார்களா என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள். 1954-ல் பஹாமாஸ் ஆளுநரின் மனைவி ரான்ஃபர்லி சீமாட்டி, அங்குள்ள பள்ளிகளில் புத்தகம் இல்லாததைக் கண்டு இங்கிலாந்து நண்பர்களிடம் கேட்டு வரவழைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ‘புக் எய்ட் இன்டர்நேஷனல்’. பதிப்பாளர்கள் தரும் புதிய புத்தகங்களையே இப்போது அனுப்புகிறது. எழுபது ஆண்டு அனுபவம் சொல்லும் பாடம் அது.

கே: நூலகம் கட்டப் பணம் தருகிறேன், தாத்தா பெயரில் பலகை வைக்கவேண்டும் என்கிறார் என் மாமா. சரியா?
(வங்கி அலுவலர், மதுரை)

ப: தாராளமாக வைக்கட்டும். கூடவே ஆண்ட்ரூ கார்னகியின் நிபந்தனையையும் வைக்கச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லினில் ஒரு கைத்தறி நெசவாளியின் மகன் கார்னகி. அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய், சிறு வயதிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். அல்லகெனி நகரில் கர்னல் ஆண்டர்சன் என்பவர் தம் வீட்டிலிருந்த சுமார் 400 புத்தகங்களைச் சனிக்கிழமைதோறும் உழைக்கும் சிறுவர்களுக்கு இரவல் தந்தார். பின்னாளில் பெருஞ்செல்வரான கார்னகி அந்த நன்றிக்கடனை 2,509 நூலகங்களாகத் திருப்பிக் கொடுத்தார். முதல் நூலகம் 1883-ல் பிறந்த ஊரில். பிறகு பிஜியின் சுவா, மொரிஷியஸின் க்யூர்பிப், செர்பியாவின் பெல்கிரேட் வரை அவர் பணம் போனது. அவர் போட்ட நிபந்தனை: இடம் ஊர் தரவேண்டும், கட்டடத்துக்கு அவர் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊர் தன் வரிப்பணத்திலிருந்து நூலகத்துக்குச் செலவிட வேண்டும். புத்தகமும் நூலகர் சம்பளமும் அதிலிருந்துதான். தாத்தா பெயர் சுவரில் இருக்கட்டும். பொறுப்பு ஊரார் கையில் இருக்கட்டும்.

கே: அயல்நாட்டுப் பணம் நின்றுபோனால் நூலகத்தை மூடவேண்டியதுதானா?
(கூட்டுறவு வங்கி ஊழியர், ஈரோடு)

ப: உங்களைப்போல யோசித்தவர்கள் நேபாளத்தில் விடை கண்டார்கள். மலைப்பயணங்கள் நடத்திவந்த அமெரிக்கர் அன்டோனியா நியூபவர், தம் வழிகாட்டியிடம் ‘உங்கள் ஊருக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டார். நூலகம் என்றார் அவர். 1991-ல் ஜுன்பேசி கிராமத்தில் அது திறந்தது. அதன்பின் நியூபவர் தொடங்கிய ‘ரீட்’ அமைப்பு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டது: நூலகத்தோடு சேர்த்து வருமானம் தரும் ஒரு தொழிலையும் ஊருக்குத் தொடங்கிக் கொடுப்பது. ஓர் ஊரில் கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். சித்வான் பகுதியின் ஜுவானியில் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். நோயாளிக்கு வண்டி, நூலகத்துக்கு வருமானம். பணம் தருபவரிடம் முதல் நாளே கேளுங்கள்: நீங்கள் போனபிறகு மின்கட்டணத்தை யார் கட்டுவார்கள்?

கே: இந்தியா என்றைக்கும் வாங்கும் கைதானா?
(முதுகலை மாணவர், புதுச்சேரி)

ப: வழியை நாம் கொடுத்திருக்கிறோம். மும்பைச் சேரிகளில் 1995-ல் தொடங்கிய ‘பிரதம்’, ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எழுத்தே தெரியாமல் இருக்கலாம் என்ற உண்மையை நேராகப் பார்த்தது. தினம் சிறிது நேரம் வயதையும் வகுப்பையும் மறந்து, எழுத்து தெரிந்தவர்கள் ஒரு குழு, சொல் படிப்பவர்கள் ஒரு குழு என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் ஆராய்ந்து, பலன் உண்டு என்றார்கள். இன்று ஜாம்பியா அரசுப் பள்ளிகளில் இதே முறை நடக்கிறது. இந்தப் பணிக்குக் கைகொடுத்தவற்றுள் ஒன்று, வில்லியம் ஹியூலெட்டும் மனைவி ஃப்ளோராவும் நிறுவிய குடும்ப அறக்கட்டளை. பணம் கலிபோர்னியாவில், யோசனை மும்பையில், பலன் ஆப்பிரிக்காவில்.

கே: கோடை விடுமுறையில் இரண்டு வாரம் கம்போடியா போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை.
(பொறியியல் மாணவி, கோவை)

ப: கெமர் மொழி தெரியுமா, அம்மா? தெரியாது என்றால் விமானக் கட்டணத்தைக் கணக்குப் போடுங்கள். அந்தத் தொகை அங்குள்ள ஓர் ஆசிரியருக்குப் பல மாத உதவியாகலாம். போய்த்தான் ஆகவேண்டும் என்றால் கற்றுக்கொள்ளப் போங்கள். சொல்லிக்கொடுக்க உங்கள் தெருவிலேயே பிள்ளைகள் இருக்கிறார்கள், மொழியும் கைவசம் இருக்கிறது.

கே: அறக்கட்டளை என்றாலே ஏமாற்று என்கிறாரே என் அண்ணன்?
(வாசகி, வேலூர்)

ப: அண்ணனின் சந்தேகம் வீண் இல்லை, முடிவுதான் அவசரம். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பள்ளி கட்டிய கதையைச் சொல்லி ‘த்ரீ கப்ஸ் ஆஃப் டீ’ நூலால் உலகப் புகழ் பெற்றவர் கிரெக் மார்ட்டென்சன். 2011-ல் அந்தக் கதையின் பகுதிகள்மீதும் பணம் செலவான விதம்மீதும் கேள்விகள் எழுந்தன. மொன்டானா மாநில அட்டர்னி ஜெனரல் விசாரித்தார். 2012-ல் வந்த உடன்பாட்டின்படி சுமார் 10 லட்சம் டாலரை மார்ட்டென்சன் தம் தொண்டு அமைப்புக்குத் திருப்பித் தரவேண்டியதாயிற்று. நிர்வாகக் குழுவில் அவரையும் சேர்த்து மூன்றே பேர். தட்டிக்கேட்க ஆள் இல்லை. அவர் அமைப்பு கட்டிய பள்ளிகளில் படித்த பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காகவே கணக்கு சுத்தமாக இருந்திருக்க வேண்டும். குடும்ப அறக்கட்டளையில் குடும்பத்தைச் சாராத, ‘கூடாது’ என்று சொல்லத் துணிந்த அறங்காவலர் ஒருவராவது வேண்டும்.

கே: அமெரிக்காவில் குடும்பமாகச் சேர்ந்து அறக்கட்டளை வைத்திருக்கிறோம். எங்கள் கிராமத்துக்குப் பணம் அனுப்ப என்ன செய்யவேண்டும்?
(தமிழ்க் குடும்பம், நியூ ஜெர்சி)

ப: பாசத்தோடு சட்டத்தையும் படித்துவிடுங்கள். இந்தியாவில் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பணம் முதலில் புதுடில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வரவேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரக்கூடாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. சின்னஞ்சிறு ஊர் நூலகம் இதையெல்லாம் தனியே சமாளிப்பது கடினம். ஆகவே பதிவுள்ள, நேரடியாகக் களப்பணி செய்யும் அமைப்பைத் தேடிப் பிடியுங்கள். உறவுக்காரர் கணக்குக்கு அனுப்பி ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்கு அறமும் போகும், உறவும் போகும்.

கே: வெளியிலிருந்து உதவி செய்ய வருகிறவர்கள் தங்கள் திட்டத்தைக் கையோடு கொண்டுவருகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
(ஆசிரியை, யாழ்ப்பாணம்)

ப: உங்கள் திட்டத்தை முதலில் எழுதி வையுங்கள், டீச்சர். உங்கள் ஊர் நூலகமே அப்படித்தான் பிறந்தது. 1933-ல் க.மு. செல்லப்பா தம் வீட்டில் புத்தகங்களை வைத்து ஊராருக்குத் திறந்துவிட்டார். கட்டடமும் வெளியுதவியும் பின்னால் வந்தவை. 1981-ல் சுமார் 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்ட பிறகும் மீண்டும் எழ முடிந்ததற்கு, அது தங்களுடையது என்று ஊர் நம்பியது முதற் காரணம். சுனாமிக்குப் பின் 2005-ல் இலங்கைக்கு வந்த ரூம் டு ரீட், தமிழிலும் சிங்களத்திலும் சிறுவர் நூல்களை உள்நாட்டு எழுத்தாளர்களைக்கொண்டே உருவாக்கியது. இப்படி வருகிறவர்களை வரவேற்கலாம். பட்டியலோடு வருகிறவரிடம் உங்கள் பட்டியலை நீட்டுங்கள். இரண்டும் ஒத்துவரும் இடத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

கே: பணமே இல்லாதவன் என்ன செய்ய முடியும்?
(ஆட்டோ ஓட்டுநர், திருச்சி)

ப: கொலம்பியாவின் லா குளோரியாவில் லூயிஸ் சொரியானோ என்ற பள்ளி ஆசிரியர், ஆல்ஃபா, பெத்தோ என்ற தம் இரண்டு கழுதைகளின் முதுகில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு மலைக்கிராமங்களுக்குப் போகத் தொடங்கினார். உலகமே பிறகுதான் திரும்பிப் பார்த்தது, உதவியும் வந்தது. உங்களிடம் மூன்று சக்கரமே இருக்கிறது, அண்ணே. பின்சீட்டில் பத்துப் புத்தகம் வையுங்கள்.

கே: அறக்கட்டளை என்றால் சாசுவதமாக இருக்கவேண்டாமா?
(வழக்கறிஞர், கும்பகோணம்)

ப: இருக்கவேண்டியது படிப்பு. அமெரிக்க வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு, தென்மாநிலக் கருப்பினப் பிள்ளைகளுக்காகச் சுமார் 5,000 பள்ளிகள் எழ உதவினார். அந்த ஊர் மக்களும் காசும் உழைப்பும் நிலமும் தந்து பங்கேற்றார்கள். தாம் இறந்து 25 ஆண்டுகளுக்குள் நிதி முழுவதையும் செலவழித்துவிட வேண்டும் என்று விதித்தார். 1932-ல் அவர் மறைந்தார். 1948-ல் நிதி முழுவதும் செலவாகி அமைப்பு மூடப்பட்டது. கஜானா காலியானது, படித்த தலைமுறை மிஞ்சியது.

கே: கடைசியாக ஒன்று. ஓர் எழுத்தறிவுத் திட்டம் வெற்றி பெற்றதா என்று சாமானியன் எப்படிக் கண்டுபிடிப்பது?
(ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர், நாகர்கோவில்)

ப: ஒரு பக்கத் தாளால் கண்டுபிடிக்கலாம். 2005-லிருந்து பிரதம் நடத்திவரும் ‘அசர்’ கணக்கெடுப்பில், தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையிடம் ஒரு தாளை நீட்டுவார்கள். எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை. எதுவரை படிக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கென்யா, உகாண்டா, தான்சானியாவில் ‘உவேசோ’ என்ற பெயரில் இதே சோதனை நடந்தது. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத நிலையில் இருப்பதாக 2022-ல் உலக வங்கி மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போகிறவர்கள். ஆகவே எந்த அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தாலும் ஆண்டறிக்கையை வாங்கிப் பாருங்கள். எத்தனை புத்தகம் கொடுத்தோம், எத்தனை கட்டடம் திறந்தோம் என்ற எண்கள் முதல் பக்கத்தில் இருக்கும். திட்டம் தொடங்கியபோது எத்தனை பிள்ளைகள் கதை படித்தார்கள், இப்போது எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற எண்ணைக் கேளுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவரிடம் உங்கள் ஓய்வூதியத்தில் ஒரு பங்கை நம்பிக் கொடுக்கலாம்.